உன் தாத்தாவை யாரென்று சொன்னேன்

யோசுவா,

இந்தப் பெயரைச் சொல்லி உன்னை நான் தெருவில் ஒருமுறைகூடக் கூப்பிட்டதில்லை. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர், பள்ளிக்கூடப் பதிவேட்டில் எழுதிய பெயர், இன்னும் மூன்று வாரத்தில் புதியம்புத்தூர் ஆலயத்தில் உன் கல்யாணத்துக்கு வாசிக்கப்போகிற பெயர். கோவில்பட்டியில் நம் தெருவுக்கு மட்டும் நீ கண்ணன். அந்தப் பெயர் உனக்கு எப்படி வந்தது என்று நீ என்னிடம் கேட்டதில்லை. உனக்குத் தெரியும் என்பதால்தான் கேட்கவில்லை என்பது எனக்கும் தெரியும். இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் எழுதி ஒட்டி அனுப்பியிருக்கலாம். ஆனால் நான் மறைத்ததெல்லாம் நாலு பேர் முன்னால்தான். அதை உன் காதில் மட்டும் சொல்லி முடித்துவிட்டால், மறைப்பதில் அதுவும் ஒரு வகையாகிவிடும். அதனால் யார் படித்தாலும் படிக்கட்டும் என்றே எழுதுகிறேன்.

போன மாதம் அழைப்பிதழ் அடிப்பதைப் பற்றிப் பேசினோம். மேலே சிலுவையும் வசனமும் போட்டு ஒன்று, அது உறவுக்கும் சபையாருக்கும். எதுவும் இல்லாமல் வெறும் பூ மட்டும் போட்டு இன்னொன்று, அது தெருவுக்கும் கல்லூரிக்கும் என்று நான் சொன்னேன். நீ, "எம்மா, ரெண்டு கார்டு அடிச்சா ரெண்டு மாப்பிள்ளையா வருவான்?" என்றாய். சிரித்துக்கொண்டுதான் கேட்டாய். நான் செலவைப் பற்றி ஏதோ சொல்லி போனை வைத்துவிட்டேன். ஒரு வாரத்தில் பெட்டி வந்தது. ஒரே விதமான கார்டு. சிலுவை நடுவில், தெளிவாக. அந்தப் பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடியும் மூடிக் கட்டிலுக்கடியில் தள்ளினேன். கீழ் வீட்டு அக்காவுக்கு ஒரு கார்டு கொடுக்க வேண்டும். இருபது வருடமாக அவர்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன், கொடுக்காமல் இருக்க முடியாது. கொடுத்தால், இருபது வருடமாக நான் சொன்னது பொய் என்று ஆகிவிடும். பதினோரு நாள் அந்தப் பெட்டி கட்டிலுக்கடியில் கிடந்தது. அந்தப் பதினோரு நாளில் நான் நினைத்துப் பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

உன் அப்பா மணியாச்சி விலக்கு ரோட்டில் லாரி மோதி இறந்தபோது உனக்கு ஆறு வயது, எனக்கு இருபத்தெட்டு. துக்க வீட்டில் ஒரு பெரியவர் என் தலையில் கைவைத்து, எல்லாம் கர்த்தருடைய சித்தம் என்றார். அந்தக் கையைத் தட்டிவிட்டேன். அதிலிருந்து கோயில் பக்கம் போகாததற்கு அந்த ஒரு வாக்கியத்தைத்தான் காரணமாகச் சொல்லிவந்தேன். நான் கணக்கு படித்தவள், நிரூபிக்க முடியாததை ஒப்புக்கொள்ள மாட்டேன் என்று உன்னிடமும் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அதில் பாதி உண்மை. துக்கத்தில் இருக்கிறவர்களிடம் அப்படிப் பேசக்கூடாது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். உன் மனைவிக்கு ஒரு துக்கம் வரும் நாளில் நீ அந்த வாக்கியத்தைச் சொல்லாதே, பக்கத்தில் பேசாமல் உட்கார். ஆனால் மீதிப் பாதி வேறு. கடவுள் இருக்கிறாரா என்று சந்தேகப்படக் கொஞ்சமாவது யோசிக்க வேண்டும். நான் செய்ததற்கு யோசனையே தேவைப்படவில்லை. பயம் போதுமானதாக இருந்தது.

இங்கே கல்லூரியில் தற்காலிக வேலை கிடைத்து, உன்னைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு தேடினேன். ஐந்து வீடு பார்த்தேன். முதல் கேள்வி சம்பளத்தைப் பற்றி, இரண்டாவது கேள்வி இதுதான்: "வேதக்காரங்களா?" கிறிஸ்தவர்களா என்று அர்த்தம். ஆமாம் என்றதும் சாவி திரும்ப இடுப்புக்குப் போய்விடும். ஒரு வீட்டுக்காரர் மரியாதையாகவே சொன்னார்: "ஒங்கள ஒண்ணும் சொல்லல டீச்சர். நீங்க நல்லவியதான். ஆனா நாளைக்குப் பத்து பேரு ஜெபம்னு வந்து உக்காந்து பாட்டுப் பாடுவாவ. அக்கம் பக்கத்துக்கு நான்லா பதில் சொல்லணும்?" ஆறாவதுதான் இந்த மாடி வீடு. இரண்டு அறை, தனிக் குழாய், தண்ணீர்த் தொட்டி. இந்த ஊரில் குழாயில் தண்ணீர் வருகிற வீடு கிடைப்பது என்னவென்று உனக்குத் தெரியும். அக்கா வாசலில் நின்று கேட்டார்கள்.

"எந்த ஊரு?"

"ஓட்டப்பிடாரம் பக்கம்."

"வீட்டுக்காரரு?"

"தவறிட்டாவ."

அக்கா என் நெற்றியைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்கள். "இந்த வயசுலயா, ஐயோ" என்றார்கள். எனக்கு அந்த நொடியில் புரிந்தது. பொட்டு இல்லாத நெற்றியைப் பார்த்து இது விதவையின் நெற்றி என்று நினைக்கிறார்கள். வேதக்காரி நெற்றி என்று நினைக்கவில்லை. அடுத்து அவர்கள், "நாங்க வேதக்காரவியளுக்குக் குடுக்கதில்ல, அதான் கேட்டுக்கிடுதேன்" என்றபோது, "இல்லக்கா" என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது! உன் அப்பா இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அவருடைய சாவை ஒரு சீலையைப் போல எடுத்துப் போர்த்திக்கொண்டேன். "பய பேரு என்ன?" என்று கேட்டார்கள். நான் வீட்டில் உன்னைக் கொஞ்சுகிற பெயரைச் சொன்னேன். நீ தலையை உயர்த்தி என்னைப் பார்த்தாய். அவ்வளவுதான். அன்றைக்கே சாவி கிடைத்தது.

அதன் பிறகு ஒவ்வொன்றாக மறைக்க வேண்டியிருந்தது. வேதப்புத்தகம் பீரோவில் சீலைகளுக்கு அடியில் போனது. டிசம்பரில் நட்சத்திரம் கட்ட வேண்டும் என்று நீ அழுதாய். பல்பு மாட்டினால் கரண்ட் பில் கூடும் என்றேன். கீழே அக்கா வீட்டில் கார்த்திகைக்கு விளக்கு வைத்தபோது எனக்கும் இரண்டு கொடுத்தார்கள், மாடிப்படியில் ஏற்றி வைத்தேன். அதில் தவறில்லை, வெளிச்சம் நன்றாகத்தான் இருந்தது. தவறு வேறு இடத்தில். ஒருநாள் பக்கத்துத் தெருவில் ஜெபக்கூட்டம் நடந்தது. அக்கா துணி காயப்போட்டுக்கொண்டே, "மைக்கப் போட்டுக் கத்துதானுவளே, இவிய சாமிக்குக் காது கேக்காதோ?" என்றார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். "காதெல்லாம் கேக்கும்க்கா, காணிக்கை விழுக சத்தம் மட்டும் இன்னும் நல்லாக் கேக்கும்" என்றேன். அக்கா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். திரும்பினால் கதவருகில் நீ நோட்டுப்புத்தகத்துடன் நின்றிருந்தாய்.

அக்காவைப் பற்றி நீ தவறாக நினைக்கக்கூடாது என்பதற்காக ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். உனக்கு டெங்கு வந்தபோது ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது அவர்கள்தான். மூன்று நாள் உன் கட்டிலுக்கடியில் துண்டை விரித்துப் படுத்தார்கள். நம்மை விரும்பாத உலகம் என்று சபையில் பேசுகிறார்கள். அந்த உலகம் எனக்கு ரசம் கொடுத்து அனுப்பியிருக்கிறது. அதே உலகம்தான் வேதக்காரருக்கு வீடு கிடையாது என்றும் சொன்னது. இரண்டும் ஒரே வாய். நீ உன் விசுவாசத்தை வைத்துக்கொண்டு அடுத்தவர்களை இருட்டு என்று பேசுகிறவனாக ஆகிவிடாதே. என்னைப் போல அவர்களுக்குப் பயந்து சுருண்டு கிடக்கிறவனாகவும் ஆகாதே.

இனி உன் தாத்தா. இதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன், இனித் தள்ள முடியாது.

என் அப்பா எங்கள் ஊரில் கோயில்குட்டியார். மணி அடிப்பது, ஆலயத்தைக் கூட்டுவது, பாய் விரிப்பது, யாராவது இறந்தால் குழி வெட்ட ஆள் சேர்ப்பது எல்லாம் அவர் வேலை. மற்ற நேரத்தில் இரண்டு ஏக்கர் கரிசல் காட்டில் மழையை நம்பிக் கம்பும் உளுந்தும். நான் எம்.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தபோது மூன்று வருடம் சரியான மழை இல்லை. பாதித் தெரு பஞ்சு மில்லுக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் பிழைக்கப் போய்விட்டது. லீவில் வந்தவள், மணி அடித்துக்கொண்டிருந்தவரைச் சீண்டினேன். "யாருக்குப்பா இந்த அடி அடிக்கிய? வாரது ஏழு பேரு." அவர் கயிற்றை விடாமலே, "வந்தவிய வந்துட்டாவல்லா. வராதவியளுக்குத்தான் அடிக்கணும்" என்றார். அதைப் படிக்காதவரின் பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டேன். நம்பிக்கை என்ற சொல்லுக்கு, இத்தனை பிரசங்கம் கேட்டும், அதைவிடச் சரியான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. மழை வரும் என்று அவர் சொன்னதில்லை. வராவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமைதான் என்பதில் மட்டும் அவருக்குச் சந்தேகமே கிடையாது.

நாம் இந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருடம் கழித்து ஒரு மாசி மாதம். உனக்கு எட்டு வயது. அதுவரை அப்பாவை இங்கே வரவிடாமல் நாம்தான் போய்ப் பார்த்து வந்துகொண்டிருந்தோம். அன்று சொல்லாமல் வந்துவிட்டார். தோளில் ஒரு சாக்கில் கம்பு, கையில் ஒரு பையில் உளுந்து. நான் கல்லூரியிலிருந்து வந்து படியேறும்போது கீழ் வாசலில் நின்றிருந்தார். அக்காவைப் பார்த்து இரண்டு கையையும் குவித்து, "தோத்திரம்மா" என்று சொல்லி முடித்திருந்தார். வேதக்காரர்கள் ஒருவருக்கொருவர் சொல்வதை அவர் எல்லோருக்கும் சொல்வார், கண்டக்டருக்கும் சொல்வார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்து, "யாரு டீச்சர் இவிய?" என்றார்கள்.

"எங்க ஊருக்காரரு. எங்க அப்பாவுக்குத் தெரிஞ்சவரு" என்றேன்.

அப்பா என்னைப் பார்த்தார். எவ்வளவு நேரம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நீ மாடியிலிருந்து தடதடவென்று இறங்கி வந்தாய். வாய் திறப்பதற்குள் உன் கையைப் பிடித்தேன். மேற்கையில் என் விரல் பதிந்து சிவந்தது, அதை அன்று குளிப்பாட்டும்போது பார்த்தேன். அக்கா உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். அப்பா நின்றபடியே குடித்தார். சாக்கைச் சுவரோரம் சாய்த்து வைத்தார். "கம்பு நல்லாத்தான் வெளஞ்சிருக்கு. ஒங்க அப்பா குடுத்து விட்டாவ" என்று என்னிடம் சொன்னார். பிறகு, "அப்பம் நான் வாரேன் டீச்சர். பஸ்ஸு போயிரும்" என்றார். பெற்ற மகளை டீச்சர் என்று கூப்பிட்டார். என் பொய் எங்கேயும் இடித்துக்கொள்ளாதபடி அவ்வளவு பக்குவமாகப் பேசினார். உன்னைத் தொடவில்லை. தெருமுனை வரை திரும்பிப் பார்க்கவில்லை. நான் கம்பு மூட்டையைத் தூக்கிக்கொண்டு மேலே வந்து, உனக்குத் தோசை ஊற்றினேன்.

இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்தவர்களைப் பற்றி வேதத்தில் இருக்கிறது. பிரசங்கியார்கள் அதைச் சொல்லி ஆறுதல் கொடுப்பார்கள். எனக்கு அந்த ஆறுதல் வேண்டாம். அவர்கள் பயந்தது உயிருக்கு. நான் பயந்தது இரண்டு அறைக்கும் ஒரு குழாய்க்கும். அடுத்த மாதம் ஊருக்குப் போனபோது அப்பாவிடம் பேச வாயெடுத்தேன். "அத விடும்மா. வீடு கிடைக்கது பெரும்பாடுல்லா" என்றார். கொஞ்சம் கழித்து, "தண்ணி ஒழுங்கா வருதா?" என்று கேட்டார். வருகிறது என்றேன். அதற்குமேல் அதைப் பற்றி நாங்கள் பேசவேயில்லை. பதினோரு மாதத்தில் அவர் இறந்துபோனார். அக்காவிடம், "சொந்தத்துல ஒரு பெரியவரு தவறிட்டாவ" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். திரும்பி வரும் பஸ்ஸில் உன்னிடம், யார் கேட்டாலும் அப்படியே சொல்ல வேண்டும் என்றேன். நீ தலையாட்டினாய். உனக்கு ஒன்பது வயது. நான் உனக்கு எத்தனையோ வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தேன். நீ ஒருமுறையில் கற்றுக்கொண்டது அது ஒன்றைத்தான்.

பிறகு நீ அதை எப்படி மறந்தாய் என்று எனக்கு ஆச்சரியம். திருநெல்வேலியில் விடுதியில் தங்கிப் படிக்கும்போது நீயாக ஆலயத்துக்குப் போக ஆரம்பித்தாய். நான் கிண்டல் செய்தேன். கோயம்புத்தூரில் வீடு தேடியபோது, வீட்டுக்காரர்கள் கேட்கும் முன்பே வேதக்காரன் என்று நீயே சொல்லி, இரண்டு வீடு கைவிட்டுப் போனது. போனில் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாய். பிழைக்கத் தெரியாதவன் என்று திட்டினேன். மூன்றாவது வீடு கிடைத்தது, மழை பெய்தால் ஒழுகுகிற வீடு. அந்த வீட்டு வாசலில் உன் முழுப்பெயரை எழுதி ஒட்டிப் படம் எடுத்து அனுப்பினாய். நான் பதில் போடவில்லை. படத்தைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை இப்போது சொல்கிறேன்.

முந்தாநாள் சாயங்காலம் ஒரு கார்டை எடுத்துக்கொண்டு கீழே போனேன். அக்கா சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்கள். கையைத் துடைத்து வாங்கி, சிலுவையைப் பார்த்து, உன் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். நான் நின்றுகொண்டே, "அக்கா, நாங்க வேதக்காரங்க. அன்னைக்கு ஒங்ககிட்ட பொய் சொன்னேன்" என்றேன்.

"தெரியும்" என்றார்கள். "கண்ணனுக்கு வார தபாலு, கூரியரு எல்லாம் இந்தப் பேரு போட்டு எங்க வாசல்லதான வருது? பத்துப் பன்னெண்டு வருசமாத் தெரியும். எங்க வீட்டுக்காரவியளுக்கும் தெரியும். நீங்களா சொல்லாத வரைக்கும் நாங்களும் கேக்கல. இப்பக் கார்டையே குடுத்துட்டிய. இனி தெருவுல கேட்டா அவிய என்ன சொல்லுவாவ?" கோபமாகச் சொல்லவில்லை. யோசனையாகச் சொன்னார்கள். பிறகு கார்டை மடியில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்கள். "எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க டீச்சர். ரொம்ப வருசம் முன்ன ஒருத்தரு கம்பு கொண்டாந்தாவளே, தோத்திரம்னு சொன்னாவளே, அது யாரு?"

"எங்க அப்பா" என்றேன்.

அக்கா சுளகைத் தள்ளி வைத்தார்கள். "நான் அவியள வாசல்ல நிக்க வச்சுத் தண்ணி குடுத்தேன்" என்றார்கள். "டீச்சரோட அப்பான்னு தெரிஞ்சா நாற்காலி போட்டிருப்பேன். சாப்பிடாம அனுப்பியிருப்பனா? பெத்த தகப்பன யாரோன்னு சொன்னிய, அது ஒங்க பாடு. என்னையும்லா அந்தப் பாவத்துல சேத்துட்டிய." எழுந்து உள்ளே போய்விட்டார்கள். நேற்றுக் காலையில் அக்காவின் வீட்டுக்காரர், அண்ணாச்சி, படிக்கட்டில் நின்று, கல்யாணம் நல்லபடியாக முடியட்டும் டீச்சர், பிறகு வேறு வீடு பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னார். சரி அண்ணாச்சி என்றேன்.

இருபது வருடம் நான் காவல் காத்த ரகசியம் பத்து வருடத்துக்கு முன்பே கீழ் வீட்டுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்காக எல்லோரும் தெரியாதது போல நடித்திருக்கிறார்கள், என் அப்பா உட்பட. இதை நினைத்தால் எனக்குத் தலை நிமிரவில்லை. உன்னிடம் மன்னிப்புக் கேட்கத்தான் எழுத உட்கார்ந்தேன், ஆனால் அதை உடனே கொடுத்துவிடாதே. உனக்குக் கோபம் இருந்தால் அதைச் சொல். ஆறு வயதில் தலையை உயர்த்தி என்னைப் பார்த்தாயே, அந்தப் பார்வைக்கு நான் இன்னும் பதில் சொல்லி முடிக்கவில்லை.

விசுவாசம் வந்துவிட்டதா என்று கேட்காதே, எனக்குத் தெரியாது. இன்று ஞாயிறு. காலையில் கிளம்பி ஆலயத்துக்குப் போனேன். நம் வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடை. ஆராதனை தொடங்கிவிட்டது. பெண்கள் பக்கம் கடைசியில் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தேன். பக்கத்தில் என் வயதுள்ள ஒரு பெண், தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிறவர் போல, விரல் நுனியெல்லாம் மருந்துக் கறை. பாட்டுப் புத்தகத்தை என் பக்கம் நீட்டிக்கொண்டே, "ஊருக்குப் புதுசாக்கா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இல்ல. இங்கன வந்து இருவது வருசமாச்சு."

"அப்பம் இத்தன நாளா எந்தக் கோயிலுக்குப் போனிய?"

"எங்கயும் போகல" என்றேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "சரி, நவுந்து உள்ள தள்ளி உக்காருங்க. பொறத்தால வாரவியளுக்கு எடம் வேணும்லா" என்றார்.

நகர்ந்து உட்கார்ந்தேன்.

அம்மா